முப்பத்தெட்டுப் படிவங்கள், ஒரே பேனா

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறுகிறவள் அறிவுரை சொல்ல வந்துவிட்டாள் என்று உங்களில் இரண்டு பேர் சிரித்தது என் காதில் விழுந்தது. சிரியுங்கள். ஏழு வருடமாகச் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி, ஐந்து நாள் கழித்து அவரவர் பெட்டியோடு திருப்பி இறக்கியிருக்கிறேன். அடுத்த மாதம் பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறேன். டூர் மேனேஜராக எனக்கு இது கடைசி வாரம், உங்களுக்கு முதல் வாரம். பாஸ்போர்ட் சரிபார்ப்பது, அறை ஒதுக்குவது எல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். நான் பேச வந்தது வயிற்றைப் பற்றி.

கப்பலில் எனக்குக் கடல் மேல் பயம் இருந்ததே இல்லை. பயமெல்லாம் கைப்பிடிகள் மேல்தான். லிஃப்ட் பொத்தான், படிக்கட்டுக் கம்பி, சாலட் எடுக்கிற இடுக்கி, மேசைக்கு மேசை நகரும் உப்புக் குப்பி, நம் கையைவிட்டு இறங்காத செல்போன். ஆயிரம் பேர் தொட்டதை ஆயிரத்து ஒன்றாவதாக நாம் தொடுகிறோம், தொட்ட கையாலேயே சப்பாத்தியைப் பிய்க்கிறோம். வாந்தியும் பேதியுமாக வருகிற அந்தத் தொற்று ஒருவருக்கு வந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத துளி போதும் அடுத்தவருக்குப் போக. வாசலில் பிசுக் பிசுக்கென்று அழுத்திக்கொள்கிற ஜெல்லை நம்பாதீர்கள். அந்தக் கிருமி ஜெல்லுக்கு அவ்வளவாக அசராது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும், விரலிடுக்கு வரைக்கும், அவசரப்படாமல். அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் கப்பலில் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் நுண்ணுயிரியல் படித்தவள் நான். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் குழாயைக்கூடச் சந்தேகமாகப் பார்த்து வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் செய்த தவறைத்தான் சொல்லப் போகிறேன். என் சந்தேகத்துக்கு அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. அது போக வேண்டிய பக்கம் மட்டும் போகவில்லை.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் சின்னுசாமி என்பவருக்கு அறுபது முடிந்தது. கோயிலில் கல்யாணத்தை முடித்துவிட்டு, தங்களையும் சேர்த்து உறவுக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேராகத் திரண்டு, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் கப்பலில் ஐந்து நாள். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கப்பலின் சின்னக் கூடத்தில் அவரும் அவர் மனைவி சரசும் மறுபடி மாலை மாற்றி, கேக் வெட்ட வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பேரும் வந்தார்கள். சரசுவின் அக்கா நல்லம்மாள் வெண்ணந்தூரிலிருந்து வந்திருந்தார். கணவர் இல்லை. எருமைகளைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நான்கு நாளுக்கு மேல் ஊரைவிட்டு வெளியே வருகிறார். தங்கை அவரைத் தனியாக விடமாட்டேன் என்றதால், தம்பதியின் அறையிலேயே மூன்றாவது கட்டில் போடச் சொல்லியிருந்தேன்.

விடியற்காலையில் பஸ் சேலத்தைவிட்டுக் கிளம்பியது. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் நல்லம்மாள் என் இருக்கைக்கு வந்தார்.

"அம்மிணி, வயிறு ஒரு மாதிரி இருக்குது. நேத்துப் புடிச்சே அப்படித்தான்."

"பஸ்ஸு ஒத்துக்கலைம்மா. கப்பல்லயும் இப்படித்தான் இருக்கும், இப்பவே பழகிக்குங்க" என்று சொல்லி, தலைசுற்றலுக்கு வைத்திருந்த மாத்திரையை நீட்டினேன். "ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒண்ணும் ஆகாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் மடியில் பலகையை வைத்து வேலையைத் தொடர்ந்தேன். என்ன வேலை தெரியுமா? கப்பலேறும் முன் ஆளுக்கொரு உடல்நலப் படிவம் தர வேண்டும். கடந்த இரண்டு நாளில் வாந்தி உண்டா, பேதி உண்டா, காய்ச்சல் உண்டா? ஒவ்வொருவரிடமும் கொடுத்தால் ஆங்கிலம் தெரியாது என்பார்கள், கண்ணாடி பெட்டியில் இருக்கிறது என்பார்கள், துறைமுகத்தில் வரிசை நிற்கும். நம் தொழிலில் எல்லா டூர் மேனேஜரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முப்பத்தெட்டையும் நானே நிரப்பினேன். இல்லை, இல்லை, இல்லை. கையெழுத்துக்கு மட்டும் பஸ்ஸுக்குள் சுற்றுக்கு விட்டேன். ஆத்தூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. என் வேகத்தில் எனக்கே பெருமை.

மதியம் துறைமுகத்துக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் சாப்பாடு. சமைத்த உணவைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் கொண்டுவந்த கட்டுச்சோற்றை அங்கேயே முடித்துவிட வேண்டும். எந்த விசேஷம் என்றாலும் அந்தக் குடும்பத்தில் தயிர்சோறு பிசைவது நல்லம்மாள்தான். பெரிய குண்டாவில் முழங்கை வரை இறங்கிப் பிசைந்து, உருண்டை பிடித்து, சுற்றி உட்கார்ந்த ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார். என் கையிலும் வைத்தார். அப்படியொரு தயிர்சோறு நான் சாப்பிட்டதில்லை. அவர் மட்டும் சாப்பிடவில்லை.

"நீங்க சாப்பிடலீங்களாம்மா?"

"பசிக்கல சாமி. கப்பல்ல போய்ப் பாத்துக்கறேன்."

பசியில்லை என்பவரைச் சந்தேகப்படுங்கள் என்று இன்றைக்கு உங்களுக்குச் சொல்வேன். அன்றைக்கு எனக்கு வரிசையில் முதலில் நிற்க வேண்டும் என்பதுதான் கவலை.

கப்பலில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஓர் ஊழியர் நிற்பார். ஒடிசாக்காரர், நாலு வார்த்தை தமிழ் கற்றுவைத்திருந்தார். "சோப்பு, தண்ணி, அப்பறம் சாப்பாடு!" என்று ஒவ்வொருவரையும் கை கழுவும் தொட்டிப் பக்கம் திருப்பிவிடுவார். சின்னுசாமிக்கு அவரைக் கண்டால் ஒரே சிரிப்பு.

"ஏனுங்க தம்பி, கை கழுவாட்டி எங்கூட்டுல சரசு சோறே போடமாட்டா. எங்களுக்கே சொல்லித்தாரீங்களா?"

கூட்டமே சிரித்தது. தொட்டியில் நீண்ட வரிசை. நான் என் பையிலிருந்த ஜெல் பாட்டிலை எடுத்து, "வாங்க வாங்க, கையை நீட்டுங்க" என்று எல்லோர் கையிலும் ஒரு சொட்டு விட்டு உள்ளே அனுப்பினேன். நுண்ணுயிரியல் படித்தவள்.

இரண்டாம் நாள் மாலை எங்கள் கூட்டத்தில் நான்கு பேருக்கு வாந்தி. உடனே எனக்குள் இருந்த துப்பறிகிறவள் எழுந்துவிட்டாள். நான்கு பேரும் அன்று மதியம் ஒரே வரிசையில் இறால் எடுத்தவர்கள். இறால் பரிமாறியது யார்? வாசலில் நிற்கிற அதே ஒடிசாக்காரர், மதியத்தில் அங்கேயும் உதவிக்குப் போவார். கையுறை போட்ட கையால் மூக்கைத் தொட்டதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நம்பினேன். நேராக வரவேற்பு மேசைக்குப் போய், அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரோடு எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன். நான் அறைக்குத் திரும்புவதற்குள் அவரைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

புகார் மருத்துவ அறைக்குப் போக, அங்கிருந்து ஒரு நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். மலையாளி. தமிழைப் பாதிப் பாதியாகப் பேசினாலும் கேள்வியை முழுதாகக் கேட்பார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை.

"இந்த நாலு பேருக்கும் எப்ப வாந்தி வந்தது?"

"சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்கு."

"இறால் சாப்பிட்டது?"

"ஒரு மணிக்கு."

அவர் ஒரு கையின் விரல்களை மடக்கினார். "இது அந்தத் தொற்று என்றால் உள்ளே போய் வெளியே தெரிய அரை நாள் ஆகும், ரெண்டு நாளும் ஆகும். மூணு மணி நேரத்தில் வராது. நேத்து மதியம் இவர்கள் எல்லாம் எங்கே சாப்பிட்டார்கள்?"

நேற்று மதியம் நாங்கள் கப்பலுக்குள்ளேயே இல்லை.

"உங்கள் கூட்டத்தில் எல்லோரையும் இன்று பார்த்தாயா? யாராவது வெளியே வராமல் இருக்கிறார்களா?"

அப்போதுதான் முகங்களை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். கப்பலேறிய பிறகு நல்லம்மாளை ஒரு வேளைச் சாப்பாட்டில்கூடப் பார்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் சரசு, "கடல் ஒத்துக்கலீங்க, படுத்திருக்கா" என்று சொல்லியிருந்தார். நானும் சரி என்றிருந்தேன். நர்ஸிடம் என்ன சொன்னேன் என்கிறீர்கள்? "எல்லாரும் நல்லா இருக்காங்க, காலைல ஒருதரம் பாத்துட்டுச் சொல்றேன்." ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால் அந்த அறையை மூடிவிடுவார்கள். அறை மூடினால் தம்பதியும் உள்ளே. தம்பதி உள்ளே என்றால் மறுநாள் மாலை மாற்றல் இல்லை. முப்பத்தெட்டுப் பேர் என்னைத்தான் பிடிப்பார்கள். நோயாளி மட்டும்தான் மறைப்பார் என்று நினைக்காதீர்கள். டூர் மேனேஜரும் மறைப்பாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் அறை வாசலுக்குப் போனேன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை கைப்பிடியில் தொங்கியது. அறையைச் சுத்தம் செய்கிறவரிடம் விசாரித்தேன். இரண்டு நாளாக உள்ளே விடவில்லை, துண்டு மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள் என்றார். கடல் ஒத்துக்கொள்ளாதவருக்கு எதற்கு அத்தனை துண்டு?

கதவைத் தட்டினேன். பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாகச் சின்னுசாமி பாதிக் கதவைத் திறந்தார்.

"ஏனுங்க அம்மிணி, பதினோரு மணிக்குத்தானுங்களே?"

"நல்லம்மாம்மாவைப் பாக்கணுங்க."

"தூங்கறாங்க. கேக்கு வெட்டற நேரத்துக்கு எழுப்பிக் கூட்டியாந்தர்றோம்."

"அஞ்சு நிமிஷம்."

அவர் கதவை விடவில்லை. உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. எவ்வளவு ஊதுவத்தி ஏற்றினாலும் மறையாத வாடை. கப்பலில் ஊதுவத்தி ஏற்றக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் தோளைச் சாய்த்து உள்ளே நுழைந்தேன்.

நல்லம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டேன், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது.

"அம்மா, கடைசியா எப்பத் தண்ணி குடிச்சீங்க?"

சரசு முந்திக்கொண்டார். "குடுத்தா வேண்டாங்கறா அம்மிணி. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துப்போட்டேன்."

நல்லம்மாள் கண்ணைத் திறக்காமலே பேசினார். "குடிச்சா எந்திரிச்சு ஓடோணும் சாமி. ஒரே பாத்ரூமு. மாப்பளயும் இங்கயே இருக்காரு. அசிங்கமா இருக்குது."

இரண்டு நாளாக அந்த மனுஷி தண்ணீரை நிறுத்தியிருந்தார். பேதியை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"போன் பண்றேங்க" என்றேன்.

சின்னுசாமி போனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்தியானம் வரைக்கும் பொறுங்க. ஒறம்பரை அத்தனையும் இதுக்குன்னே கப்பலேறி வந்துருக்குது. மாலை மாத்தி முடிஞ்சதுமு நானே கூட்டிப்போறேன். ரெண்டு மணி நேரத்துல என்னுங்க ஆயிரும்?"

"இருங்க மாப்பள, நான் சொல்றேன்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அம்மிணி, என்னால அவங்க விசேஷம் நின்னுச்சுன்னு பேராகக் கூடாது. தாலியறுத்தவ கூட வந்தா, அதான் இப்படிங்கும் ஊரு. நான் இப்படியே கெடக்கறேன். மாப்பள, நீங்க ரெண்டு பேரும் போயி மாலை மாத்தீட்டு வாங்க."

சரசு சட்டென்று அழுதுவிட்டார். வாதாடி ஜெயிக்கிற நேரமில்லை என்று மட்டும் தெரிந்தது. "ஐயா, நீங்களே அவங்க கையைப் பிடிச்சுப் பாருங்க. பாத்துட்டு, பொறுக்கலாம்னு சொன்னீங்கன்னா பொறுக்கறேன்" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பொறுக்கலாம் என்றிருந்தாலும் நான் போன் செய்தே ஆக வேண்டும். ஆனால் அந்த மனிதரைப் போன் பக்கத்திலிருந்து கட்டில் வரை நடக்கவைக்க எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் குனிந்து நல்லம்மாளின் கையை எடுத்தார். முப்பது வருடமாக அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. அந்தக் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அது எவ்வளவு ஜில்லென்று இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"சரசு" என்றார். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிப்போட்டோம் நாம?" பிறகு என் பக்கம் திரும்பாமலே, "போனப் போடுங்க அம்மிணி."

நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தார். இரண்டு பாட்டில் சலைன் இறங்கிய பிறகுதான் நல்லம்மாளுக்குச் சிறுநீர் பிரிந்தது. "மத்தியானம் வரை விட்டிருந்தால் சிறுநீரகம் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார் நர்ஸ். அறையை மூடினார்கள். தம்பதி உள்ளே இருந்தார்கள், மாலைகள் கூடத்திலேயே வாடின. அடுத்த நாளுக்குள் எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர் படுத்தார்கள். எனக்கும் வந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து, தயிர்சோறு வாங்கிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே, மூன்றாம் நாள் மதியமே, நர்ஸ் ஒரு காகிதக் கட்டோடு என்னை உட்காரவைத்தார். எங்கள் படிவங்கள். நல்லம்மாளுடையதை மேலே எடுத்து வைத்தார். வாந்தி, இல்லை. பேதி, இல்லை.

"அவர் இப்ப சொல்றார், வீட்டிலேயே தொடங்கிவிட்டதாம். இதில் இல்லை என்று இருக்கு. யார் எழுதினது?"

"நான்."

அடுத்ததை எடுத்தார். "இது?"

"நான்."

முப்பத்தெட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார். எல்லாவற்றிலும் என் சாய்ந்த எழுத்து, ஒரே நீல மை. "கேட்டுவிட்டு எழுதினாயா?"

அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கட்டை அடுக்கி ரப்பர் போட்டுவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

வரவேற்பு மேசைக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். கடைசி நாள் ஒடிசாக்காரர் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. தொட்டியைக் கை காட்டினார். "சோப்பு, தண்ணி." விரலிடுக்கு வரைக்கும் கழுவினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் நல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டு வந்தார். ஆத்தூர் தாண்டியதும், மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "ஏம்மா, கப்பல்ல ஏறினதும் மோசமாயிருச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"பஸ்ஸுலயே சொன்னனே சாமி."

"அது வந்து..."

"ஒண்ணும் ஆகாதுன்ன. திருப்பிக் கேட்டேன், மறுபடியும் அதையே சொன்ன." அவர் குரலில் கோபம் இல்லை. "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னவகிட்ட அப்பறம் போயி என்னத்தச் சொல்றது?"

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். படிவத்தை ஆளாளிடம் கொடுங்கள். ஆங்கிலம் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாசியுங்கள். பேனா அவர் கையில் இருக்கட்டும். அவர் யோசிக்கும்போது நீங்கள் பேசாதீர்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். சேலத்தைவிட்டு வெகுதூரம் போகும் முன்பே செய்யுங்கள். துறைமுகம் போனபின் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

போன மாதம், என் கடைசிக் கூட்டம். அதிலும் முப்பத்தெட்டுப் பேர். அயோத்தியாப்பட்டணத்தில் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவைத்துப் படிவங்களைக் கொடுத்தேன். ராசிபுரத்துக்காரர் ஒருவரின் பேனா இரண்டாம் கேள்வியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "நேத்து நாலு தடவை போச்சுங்க. இப்பத் தேவலை" என்றார். பேனா இன்னும் நின்றுகொண்டிருந்தது. பிறகு 'ஆம்' என்பதில் குறியிட்டார்.

அவரையும் அவர் மனைவியையும் இறக்கி, சேலம் போகும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அந்த அம்மா என்னைத் திட்டிய திட்டு அந்த ரோட்டுக்கே கேட்டிருக்கும். ராசிபுரத்துக்காரருக்கு வந்தது தொற்றா, வெறும் அஜீரணமா? தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. என் போனை அவர் எடுப்பதில்லை. சென்னை வரை அந்த இரண்டு காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஐந்தாம் நாள், மீதி இருந்த முப்பத்தாறு பேரும் தங்கள் காலில் நடந்து இறங்கினார்கள். எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.